கையெழுத்துக்குச் சம்பளம்

அலுவலகத்துக்கு மட்டம் போட்டால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சட்டசபைக்கு மட்டம் போடுபவருக்கு மட்டும் முழுச் சம்பளமா? டீக்கடையில் கேட்டாலும் தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டாலும் இதை எதிர்த்துப் பேச ஆள் கிடைப்பது கடினம். அவை முடங்கும் ஒவ்வொரு கூட்டத்தொடருக்குப் பிறகும் இந்தக் கேள்வி எழும். வருகைக்கு ஏற்பத்தான் சம்பளம் என்று சட்டம் போடுங்கள் என்ற கோரிக்கையும் கூடவே வரும். அப்படி ஒரு சட்டம் வந்தால் யாருக்கு வலிக்கும், யாருக்கு வலிக்காது, யார் கையில் புதிதாக ஒரு பிரம்பு சேரும் என்பதைப் பார்த்துவிட்டுக் கைதட்டுவது நல்லது.

முதலில், இது புது யோசனையே இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம், படிகள், ஓய்வூதியம் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாதச் சம்பளம் தனி, தினப்படி தனி. சம்பளம் இப்போது மாதம் ரூ.1,24,000. தினப்படி ரூ.2,500. 2025 மார்ச்சில் வெளியான அறிவிக்கையில் இரண்டும் 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு உயர்த்தப்பட்டன. இதில் தினப்படிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் அவைச் செயலகம் வைத்திருக்கும் பதிவேட்டில் உறுப்பினர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் படி இல்லை. ஆக, வருகையோடு பணத்தை முடிச்சுப் போடும் ஏற்பாடு டெல்லியில் பல ஆண்டுகளாகவே நடைமுறையில் இருக்கிறது. அது என்ன சாதித்தது என்று பார்க்கலாம்.

காலை 11 மணிக்கு அவை கூடுகிறது. உறுப்பினர் வருகையைப் பதிகிறார். 2024 குளிர்காலக் கூட்டத்தொடரிலிருந்து மக்களவையில் காகிதப் பதிவேட்டுக்குப் பதில் மின்னணுப் பலகையும் டிஜிட்டல் பேனாவும் வந்தன. உடனே அவையின் மையப்பகுதியில் கோஷம், பதாகை. சபாநாயகர் ஓரிரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு 12 மணிக்கு ஒத்திவைக்கிறார். 12 மணிக்கு மறுபடி கோஷம், 2 மணிக்கு ஒத்திவைப்பு. 2 மணிக்கு மேசைமேல் வைக்க வேண்டிய தாள்களை வைத்துவிட்டு மறுநாளைக்கு ஒத்திவைக்கிறார்கள். அன்று வந்தவர் எல்லோரும் பதிவேட்டில் முழு நாள் வருகை தந்தவர்கள்தான். தினப்படியும் முழுசாக உண்டு. 2021 மழைக்காலக் கூட்டத்தொடரில் மக்களவை திட்டமிட்ட நேரத்தில் 21 சதவீதம் மட்டுமே நடந்தது. 2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் 29 சதவீதம். அந்த நாட்களில் உறுப்பினர்கள் வராமல் இல்லை. வந்திருந்தார்கள், பதிவேடு சாட்சி. அவைதான் நடக்கவில்லை.

வருகைச் சதவீதம் என்ற கணக்கில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. 2019 முதல் 2024 வரை இருந்த 17-ஆவது மக்களவையில் உறுப்பினர்களின் சராசரி வருகை 79 சதவீதம். பள்ளிக்கூடமாக இருந்தால் பாராட்டத்தக்க எண். ஆனால் அந்த மக்களவை ஐந்தாண்டில் மொத்தம் அமர்ந்ததே 274 நாட்கள்தான். முழு ஐந்தாண்டும் இருந்த மக்களவைகளில் இதுவே மிகக் குறைவு. 1952-ல் தொடங்கிய முதல் மக்களவை அமர்ந்தது 677 நாட்கள். அந்த அவையில் பாதி நாள் மட்டம் போட்டவர்கூட 338 நாள் உட்கார்ந்திருப்பார். 17-ஆவது மக்களவைக்கு ஒரு நாள் விடாமல் வந்த உத்தமருக்கு 274-ஐத் தாண்ட வழியில்லை. சம்பளத்தைச் சதவீதத்தோடு கட்டினால் முதலாமவருக்குப் பாதிச் சம்பளம், இரண்டாமவருக்கு முழுச் சம்பளம். கூட்டத்தொடரைக் குறுக்கும் அரசின்மேல் எந்தப் பிடித்தமும் விழாது. சொல்லப்போனால் நாட்கள் குறையக் குறைய வருகைச் சதவீதம் அழகாகும்.

பதிவேட்டில் கையெழுத்திட வேண்டிய அவசியமே இல்லாதவர்களும் உண்டு. அமைச்சர்கள், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர். அவையில் அதிக அதிகாரம் உள்ளவர்களின் வருகை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ‘வராத எம்.பி.க்கள்’ என்று பத்திரிகைகள் போடும் பட்டியலில் அமைச்சர் பெயர் காணாமல் இருப்பதற்குக் காரணம் அவர்களின் ஒழுங்கு அல்ல.

உண்மையிலேயே வராதவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். 2012-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட சச்சின் டெண்டுல்கரும் நடிகை ரேகாவும் ஆறாண்டில் பத்து சதவீத நாட்கள்கூட வரவில்லை. 2014 ஆகஸ்டில் இது அவையிலேயே பிரச்சினையானது. அரசியலமைப்பின் 101(4) பிரிவுப்படி அனுமதியில்லாமல் 60 நாட்கள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராதவரின் இடத்தை அவை காலியானதாக அறிவிக்கலாம். இருவருமே அந்த 60 நாளைத் தொடவில்லை, ஆகவே விதிமீறல் இல்லை என்று துணைத் தலைவர் பி.ஜே.குரியன் விளக்கினார். இடையில் ஒரு நாள் தலைகாட்டினால் போதும், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 2018-ல் பதவிக்காலம் முடிந்தபோது சச்சின் தன் சம்பளமும் படிகளுமாக ஏறக்குறைய 90 லட்சம் ரூபாயைப் பிரதமர் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். பெருந்தன்மைதான். சம்பளப் பிடித்தம் என்ற மிரட்டல் அவரை ஒரு நாள் கூடுதலாக அவைக்கு வரவழைத்திருக்குமா என்பதற்கான பதிலும் அதிலேயே இருக்கிறது.

60 நாள் விதியின் கீழ் இடம் காலியானதாக அறிவிக்கப்பட்டதற்கு 2000 டிசம்பரில் மாநிலங்களவையில் பர்ஜிந்தர் சிங் ஹம்தர்தின் பெயரைச் சொல்லலாம். அதற்கு மேல் பட்டியல் நீளாது.

வெளிநாடுகள் இந்தச் சோதனையை நம்மைவிடத் தீவிரமாகச் செய்திருக்கின்றன. பிரிட்டனின் பிரபுக்கள் அவை உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. வந்த நாளுக்குத்தான் காசு. 2010-ல் அது நாளுக்கு 300 பவுண்டு என்று வைக்கப்பட்டது. வருகையோடு பணத்தை இதைவிட இறுக்கிக் கட்ட முடியாது. 2013 ஜூலையில் ஒரு நாளிதழின் ஆட்கள் ஹானிங்ஃபீல்டு பிரபுவைப் பின்தொடர்ந்தார்கள். அந்த மாதம் அவர் 19 நாள் வந்தார். அதில் 11 நாள் உள்ளே இருந்தது 40 நிமிடத்துக்கும் குறைவு. நுழைந்தார், கணக்கில் ஏறினார், ரயில் ஏறிவிட்டார். மறு ஆண்டு அவை அவரை இடைநீக்கம் செய்தது. என்னைப்போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்றாலும், ஏற்பாட்டைப் பற்றிய மதிப்பீடாக அதை ஒதுக்கிவிட முடியாது.

இத்தாலியர்கள் கெட்டிக்காரர்கள். வெறும் கையெழுத்து போதாது, அன்றைய வாக்கெடுப்புகளில் 30 சதவீதத்திலாவது பங்கெடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 206 யூரோ பிடித்தம் என்று விதி வைத்தார்கள். அவையில் இருந்தவர் தன் பொத்தானை ஒரு கையால் அழுத்தி, வராத நண்பரின் பொத்தானை மறு கையால் அழுத்தினார். இரு பக்கமும் விரல் நீட்டும் இவர்களுக்கு அங்கே ‘பியானோக்காரர்கள்’ என்றே பெயர். கடைசியில் 2009-ல் கீழவையில் கைரேகை வைத்தால்தான் வாக்கு பதிவாகும் என்று இயந்திரத்தை மாற்ற வேண்டியிருந்தது. நாட்டின் சட்டங்களை இயற்றுகிறவர்களை ரேஷன் கடை வரிசைபோல் கைரேகை வைக்கச் சொல்லும் இடத்துக்கு விஷயம் வந்து நின்றது. ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் இதே கதை. கையெழுத்திட்டுப் படியை உறுதிசெய்துகொண்டு பெட்டியோடு கிளம்பும் சக உறுப்பினர்களை 2004-ல் ஆஸ்திரிய உறுப்பினர் ஹான்ஸ்-பீட்டர் மார்ட்டின் படம்பிடித்து அம்பலப்படுத்தினார். அண்டையில் கர்நாடக சட்டசபை 2024-ல் செயற்கை நுண்ணறிவுக் கேமரா வைத்து உறுப்பினர்கள் நுழைவதையும் வெளியேறுவதையும் கணக்கெடுக்கத் தொடங்கியது. கேமராவால் நிமிடத்தை எண்ண முடியும். உள்ளே இருந்தவர் மசோதாவைப் படித்தாரா, கைப்பேசியைப் பார்த்தாரா என்பது அதன் வேலை இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் புதிதல்ல. 2011 முதல் 2016 வரை திருவாரூர் உறுப்பினராக இருந்த மு.கருணாநிதி பலமுறை பேரவைக்கு வந்து, லாபியில் இருந்த பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பினார். சக்கர நாற்காலியில் வரும் தனக்கு ஏற்ற இருக்கை வசதி செய்து தரப்படவில்லை என்பது அவர் தரப்புக் காரணம். ஆளுங்கட்சி அதை ஏற்கவில்லை. எதிர்முனையில், 1989 மார்ச் 25-ல் பேரவைக்குள் நடந்த வன்முறைக்குப் பிறகு, முதலமைச்சராகத்தான் இந்த அவைக்குள் திரும்புவேன் என்று அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா அறிவித்தார். 1991-ல் அப்படியே வந்தார். ஒருவரின் கையெழுத்தையும் இன்னொருவரின் வராமையையும் வருகைக் கணக்காளர் எந்தக் கட்டத்தில் எழுதுவார்? அரைநாளா, சம்பளமில்லா விடுப்பா? இரண்டுமே அரசியல் செயல்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வாக்காளர்கள் அவற்றைப் பார்த்தார்கள், வாக்குச்சாவடியில் பதில் சொன்னார்கள்.

சம்பளம் என்று நாம் சொல்வது எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். 2017 ஜூலையில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களின் மாத வருவாய் ரூ.55,000-லிருந்து ரூ.1,05,000 ஆக உயர்ந்தது. அதில் சம்பளம் என்ற பெயரில் வருவது ரூ.30,000 மட்டும். மீதி எல்லாம் படி: தொகுதிப் படி 25,000, வாகனப் படி 25,000, ஈட்டுப்படி 10,000, தொலைபேசிக்கு 7,500, தொகுப்புப் படி 5,000, தபாலுக்கு 2,500. சம்பளத்தை வருகையோடு கட்டும் சட்டம் வந்தால் அது தொடுவது அந்த 30,000-ஐத்தான். இத்தனை பேர் கைப்பேசியில் பேசும் காலத்தில் தொலைபேசிப் படி எதற்கு என்று கேட்பது இதைவிடப் பயனுள்ள கேள்வி என்று எனக்குப் படுகிறது. அது கிடக்கட்டும்.

இனி பிரம்பு யார் கையில் என்ற விஷயம். 2023 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் அவையில் பேச வேண்டும் என்று கேட்டு அமளி செய்த 146 எதிர்க்கட்சி எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மக்களவையில் 100 பேர், மாநிலங்களவையில் 46 பேர். உடனே மக்களவைச் செயலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: இடைநீக்கம் ஆனவர்கள் அவைக்கும் லாபிக்கும் மாடங்களுக்கும் வரக் கூடாது, குழுக் கூட்டங்களில் உட்காரக் கூடாது, அவர்கள் தரும் நோட்டீஸ் ஏற்கப்படாது. கூடவே, இடைநீக்கக் காலத்தில் அவர்கள் டெல்லியில் தங்குவதைப் பணிநிமித்தம் தங்கியதாகக் கொள்ள முடியாது என்பதால் தினப்படியும் கிடையாது. அந்த நாட்களில்தான் இந்திய தண்டனைச் சட்டத்துக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் மாற்றான மூன்று சட்டங்களும், புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் நிறைவேறின. வர விரும்பியவரை வெளியே நிறுத்தி, வராததற்காகப் படியையும் நிறுத்திய சம்பவம் இது. இப்போது நின்றது 2,500 ரூபாய்ப் படி மட்டும். வருகைச் சட்டம் இருந்திருந்தால் மாதச் சம்பளமும் அதே கத்தரியில் போயிருக்கும்.

இது ஒரு கட்சியின் குணம் என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். 2016 ஆகஸ்ட் 17-ல் தமிழ்நாட்டுப் பேரவையில் திமுக உறுப்பினர்கள் கூண்டோடு வெளியேற்றப்பட்டு ஒரு வாரம் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2021 ஜூலையில் மகாராஷ்டிரத்தில் காங்கிரஸ் இடம்பெற்றிருந்த கூட்டணி ஆட்சியின்போது பாஜகவின் 12 எம்.எல்.ஏ.க்கள் ஓராண்டுக்கு இடைநீக்கம் ஆனார்கள். கூட்டத்தொடரைத் தாண்டிய இடைநீக்கம் அரசியலமைப்புக்கு விரோதமானது, அது பதவிநீக்கத்தைவிட மோசமானது என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பதவி நீங்கினால் இடைத்தேர்தலாவது வரும், ஓராண்டு இடைநீக்கம் என்றால் தொகுதிக்கு ஆளே இல்லை என்பது அதன் தர்க்கம். யார் ஆட்சியில் இருந்தாலும் வெளியேற்றும் அதிகாரம் பெரும்பான்மையின் கையில் இருக்கிறது. அதன் முனையில் மாதச் சம்பளத்தையும் கட்டிக்கொடுக்கச் சொல்வதுதான் இந்தக் கோரிக்கை.

வராமையைத் தண்டிக்கும் விதி எவ்வளவு தூரம் போகும் என்பதை ஈழத் தமிழர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்று, அ.அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று ஒவ்வோர் உறுப்பினரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என ஆறாவது திருத்தத்தை ஜெயவர்தன அரசு கொண்டுவந்தது. ஆயுதக் குழுக்களின் அழுத்தம் ஒரு பக்கம், கலவரத்தின் ரணம் ஒரு பக்கம், இந்த உறுதிமொழி ஒரு பக்கம். கூட்டணியினர் அவைக்குப் போகவில்லை. மூன்று மாதம் தொடர்ந்து அனுமதியின்றி வராதவர் இடத்தை இழப்பார் என்பது இலங்கை அரசியலமைப்பின் சாதாரணமான, எந்த நாட்டிலும் இருக்கக்கூடிய ஒரு விதி. 1983 அக்டோபரில் அந்த விதிப்படி அவர்கள் இடங்களை இழந்தார்கள். ஒரு நாட்டின் பிரதான எதிர்க்கட்சி விவாதம் இல்லாமல், வாக்கெடுப்பு இல்லாமல், வருகைப் பதிவேட்டின் வழியே நாடாளுமன்றத்திலிருந்து வெளியேறியது. அடுத்த பொதுத்தேர்தல் நடந்தது 1989-ல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன நடந்தது என்று இங்கே விவரிக்கத் தேவையில்லை.

அவ்வளவு தூரம் இங்கே போகாது என்று சொல்லலாம். ஆனால் வராமைக்கான காரணத்தை அரசே உண்டாக்கும் நிலை இங்கும் உண்டு. பஞ்சாபின் கடூர் சாகிப் தொகுதியில் 2024-ல் வென்ற அம்ரித்பால் சிங் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அசாமின் திப்ரூகரில் அடைக்கப்பட்டிருந்தார். 60 நாள் விதியில் இடம் பறிபோகாமல் இருக்க, 2025 மார்ச்சில் மக்களவையின் வராமைக் குழு அவருக்கு 54 நாள் விடுப்பைப் பரிந்துரைத்தது. அவருடைய அரசியல் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் விசாரணையின்றித் தடுத்துவைக்க அரசுக்கு அதிகாரம் தரும் ஒரு சட்டத்தின் கீழ் அடைபட்டவரின் சம்பளத்தை, வரவில்லை என்று சொல்லி அதே அரசு பிடிக்கும் ஏற்பாட்டை எந்த அரசியலுக்காகவும் ஏற்க முடியாது.

‘வேலை இல்லையேல் சம்பளம் இல்லை’ என்ற கோஷத்துக்கு 2018-ல் ஒரு ஒத்திகை நடந்தது. அந்த ஆண்டு பட்ஜெட் கூட்டத்தொடரின் இரண்டாம் பாதி முழுக்க வீணானது. ஆந்திரக் கட்சிகள் சிறப்பு அந்தஸ்து கேட்டன, காங்கிரஸ் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியைக் கிளப்பியது, அதிமுக எம்.பி.க்கள் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு நாள் தவறாமல் மையப்பகுதியில் நின்றார்கள். உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 16-ல் தந்த ஆறு வாரக் கெடு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஏப்ரலில் நாடாளுமன்ற விவகாரத் துறை அமைச்சர் அனந்தகுமார், ஆளும் கூட்டணி எம்.பி.க்கள் வீணான 23 நாட்களுக்குச் சம்பளமும் படியும் வாங்க மாட்டார்கள் என்று அறிவித்தார். பாஜகவின் சுப்பிரமணியன் சுவாமியே ஒப்பவில்லை. நான் தினமும் போனேன், அவை நடக்காதது என் தவறா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதிமுகவினரையும் இந்தத் தராசில் நிறுத்திப் பாருங்கள். வருகைக்குச் சம்பளம் என்றால் அவர்களுக்கு முழுச் சம்பளம், ஏனெனில் வந்தார்கள். வேலைக்குச் சம்பளம் என்றால் ஒன்றுமில்லை, ஏனெனில் அவையை முடக்கினார்கள். தஞ்சாவூர் விவசாயியைக் கேட்டால் அந்தக் கூட்டத்தொடரில் அவர்கள் செய்ததுதான் வேலை என்பார்; ஆந்திரத்துக்காரர் வேறு சொல்வார். இதைத் தீர்மானிக்கும் நடுவர் யார்? சபாநாயகர், அதாவது ஆளுங்கட்சி தேர்ந்தெடுத்தவர்.

அதே முடங்கிய கூட்டத்தொடரில்தான், மார்ச் 14 அன்று, அமளிக்கு நடுவே 2018 நிதி மசோதா விவாதமே இல்லாமல் மக்களவையில் நிறைவேறியது. எம்.பி.க்களின் மாதச் சம்பளத்தை 50,000-லிருந்து ஒரு லட்சமாக்கி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டின்படி தானாகவே உயரச் செய்த பிரிவு அதற்குள்தான் இருந்தது. கட்சிகள் வாங்கிய வெளிநாட்டு நன்கொடைகளுக்கு 1976 வரை பின்னோக்கி மன்னிப்புத் தந்த திருத்தமும் அதற்குள்தான். 23 நாள் சம்பளம் வேண்டாம் என்ற அறிவிப்பு தலைப்புச் செய்தியானது. இந்த இரண்டு பிரிவுகளும் அந்த அளவுக்கு ஆகவில்லை.

பணத்தால் யாரை வழிக்குக் கொண்டுவர முடியும் என்பதும் யோசிக்க வேண்டியது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் கணக்குப்படி 2024-ல் வென்ற 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள். ஆண்டுக்கு 55 அமர்வு என்று வைத்தால் தினப்படி மொத்தமே ரூ.1,37,500. சம்பளம் முழுவதையும் வருகையோடு கட்டினாலும் அது ஆண்டுக்கு ரூ.14,88,000. கல்லூரியும் குவாரியும் வைத்திருப்பவர் இதற்காக டெல்லி விமானத்தைப் பிடிக்கப் போவதில்லை. சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் மீதிப் பேருக்குத்தான் வலிக்கும்; உடம்பு சரியில்லாதவருக்கு, கைக்குழந்தையோடு இருப்பவருக்கு, வெள்ளத்தில் மூழ்கிய தொகுதியை விட்டு வர முடியாதவருக்கு. பிரிட்டனில் 1911-ல் எம்.பி.க்களுக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு சம்பளம் வைத்ததே கையில் காசில்லாத தொழிலாளியும் அவைக்குள் வர வேண்டும் என்பதற்காக. பிடித்தம் என்று வந்தால் முதலில் வெளியே நிற்பவரும் அவர்தான்.

வராமல் இருப்பதற்கான காரணத்தை யாரும் பேசுவதில்லை. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும் பதவி போகும். எனவே கட்சிக்குத் தேவையான நாளில் ஆம்புலன்ஸிலாவது உறுப்பினர் வந்துவிடுவார். மற்ற நாளில் அவர் என்ன பேசினாலும் வாக்கு ஏற்கெனவே முடிவானது. 17-ஆவது மக்களவை நிறைவேற்றிய மசோதாக்களில் 35 சதவீதத்துக்கு அங்கே ஒரு மணி நேர விவாதம்கூட நடக்கவில்லை. குழுக்களின் பரிசீலனைக்குப் போனவை 16 சதவீதம். 2023-ல் பட்ஜெட் முழுவதுமே விவாதமின்றி நிறைவேறியது. முடிவு தெரிந்த, பேச வாய்ப்பில்லாத அவைக்கு ஒருவரைச் சம்பளத்தைக் காட்டி இழுத்து உட்காரவைத்தால் நமக்குக் கிடைப்பது கூடுதல் தலைகள் மட்டும்தான்.

தேய்ந்துகொண்டிருப்பது அமர்வு நாட்கள். அவையைக் கூட்டும் அதிகாரம் 85, 174 ஆகிய பிரிவுகளின்படி பெயரளவில் குடியரசுத் தலைவரிடமும் ஆளுநரிடமும், நடைமுறையில் அமைச்சரவையிடமும் இருக்கிறது. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதைத் தவிர வேறு கட்டாயம் இல்லை. மக்களவை ஆண்டுக்கு 120 நாள், மாநிலங்களவை 100 நாள், பெரிய மாநிலங்களின் சட்டசபை 90 நாள் கூட வேண்டும் என்று நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியலமைப்பு மறுஆய்வு ஆணையம் 2002-லேயே சொன்னது. 2023-ல் மாநிலச் சட்டசபைகள் சராசரியாகக் கூடியது 23 நாள். ஆண்டுக்கு 100 நாள் கூட்டுவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் சொன்ன திமுக, ஆட்சிக்கு வந்த பின் ஓர் ஆண்டில்கூட அந்த எண்ணை எட்டவில்லை. 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் அடியோடு கைவிடப்பட்டது. எந்த எம்.பி.யும் அதற்கு வராதவர் ஆகவில்லை.

அவை கூட வேண்டிய நாட்களைச் சட்டமாக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. மாநிலங்களவையில் அகாலி தள உறுப்பினர் நரேஷ் குஜ்ரால் ஆண்டுக்கு இத்தனை நாள் கூடியே ஆக வேண்டும், அமளியில் இழந்த நேரத்தை ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை, 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. மக்களவையில் அத்தகைய மசோதாக்களுக்கு ஒதுக்கிய நேரம் வெள்ளிக்கிழமை பிற்பகலின் கடைசி இரண்டரை மணி நேரம். காலையில் கையெழுத்திட்டவர்களில் பாதிப்பேர் அதற்குள் ஊருக்கு விமானம் ஏறியிருப்பார்கள். அன்றைய நாளுக்கு அவர்களுக்கு முழு வருகை.